மூத்தோர் குடியிருப்புகள்: நன்மைகளும் குறைகளும்

இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் எண்ணிக்கை, 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி 10.38 கோடியாகும். அன்று மொத்த மக்கள் தொகையில் 8.6 விழுக்காடாக இருந்த இவர்களின் பங்கு, 2036இல் ஏறத்தாழ 15 விழுக்காட்டை எட்டும் என மதிப்பிடப்பட்டுள்ளது. எண்ணிக்கை பெருகுவதுடன் வாழும் முறையும் மாறி வருகிறது. 2017-18இல் நாடு தழுவிய அளவில் நடத்தப்பட்ட மூப்பியல் ஆய்வின்படி, முதியோரில் ஐவருக்கு ஒருவர் வாழ்க்கைத் துணையுடன் மட்டும் வசிக்கின்றனர். ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் தனித்தே வாழ்கின்றனர். பிள்ளைகள் வேலை நிமித்தமாக வேற்றூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் குடும்பங்களில், பெற்றோரின் அன்றாடத் தேவைகளைக் கவனிப்பவர் யார் என்ற வினா எழுகிறது. இதற்கு ஒரு விடையாகத் தோன்றியதே மூத்தோர் குடியிருப்பு.

முதியோர் இல்லமும் மூத்தோர் குடியிருப்பும்

இவ்விரண்டும் ஒன்றல்ல. முதியோர் இல்லம் பெரும்பாலும் ஆதரவற்றோருக்கென அறநிலையங்களாலோ அரசு உதவியுடனோ நடத்தப்படுவது. மூத்தோர் குடியிருப்பு, வசதியுள்ள முதியவர் தனி வீட்டை விலைக்கு வாங்கியோ, வைப்புத் தொகை செலுத்தியோ, வாடகைக்கோ பெற்று, உணவு, துப்புரவு, காவல், மருத்துவ உதவி ஆகியவற்றுக்கு மாதக் கட்டணம் செலுத்தி வாழும் இடமாகும். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் இத்தகைய குடியிருப்புகளுக்குப் பெயர் பெற்ற நகரம். கர்நாடகத்தில் பெங்களூரின் புறநகர்ப் பகுதிகளில் இவை வளர்ந்து வருகின்றன.

ஹெப்பகோடி காட்டும் சூழல்

இடத் தேர்வின் நிறைகுறைகளை ஆராய, பெங்களூர் நகர மாவட்டத்து ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஹெப்பகோடி ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும். அண்மையிலுள்ள எலக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரிவோர் பலர். இவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. பிள்ளைகளின் வீட்டிலேயே தங்காமல், அவர்களுக்கு அருகில் தனித்து வாழ விரும்பும் பெற்றோருக்கு இப்பகுதி ஏற்றதாகத் தோன்றுவது இயல்பே. அடுத்துள்ள பொம்மசந்திராவில் இதய நோய்ச் சிகிச்சைக்குப் பெயர் பெற்ற பெரிய மருத்துவமனை வளாகம் உள்ளது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம், ராஷ்ட்ரிய வித்யாலயா சாலையிலிருந்து ஹெப்பகோடி வழியாகப் பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர் தொலைவுக்குச் செல்கிறது.

குறைகளும் உள. இது அடிப்படையில் ஒரு தொழிற்பகுதி; நெடுஞ்சாலையில் கனரக வாகனங்களின் போக்குவரத்து மிகுதி. விமான நிலையமோ நகரின் மறுகோடியில் தேவனஹள்ளியில் உள்ளது. 2024 கோடையில் பெங்களூரில் ஏற்பட்ட தண்ணீர்த் தட்டுப்பாடு, ஆழ்குழாய்க் கிணறுகளையும் லாரித் தண்ணீரையும் நம்பிய புறநகர்க் குடியிருப்புகளின் நிலையை உணர்த்தியது. லாரித் தண்ணீரின் விலை உயர்ந்தால் அது மாதக் கட்டணத்திலேயே வந்து சேரும்.

நன்மைகள்

முதலாவது, பாதுகாப்பு. வழுக்காத தரை, குளியலறையில் கைப்பிடி, சக்கர நாற்காலி செல்லத்தக்க அகன்ற வாயில், சாய்தளம், அவசர அழைப்பு மணி ஆகியவை சாதாரண வீடுகளில் அரிது. முதுமையில் ஒரு முறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன் பின் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் பிறர் துணையை நாட நேரிடலாம். இரண்டாவது, இல்லப் பராமரிப்புச் சுமை நீங்குதல். சமையலும், குழாய், மின்சாரம் பழுது பார்க்கும் ஆளைத் தேடுவதும் எழுபது வயதில் பெரும் பாரமாகும். மூன்றாவது, தோழமை. ஒத்த வயதினருடன் உரையாடலும் நடையும் வழிபாடும் தனிமையைக் குறைக்கின்றன. நான்காவது, தன்மானம். பிள்ளைகளைச் சாராமல் தம் விருப்பப்படி வாழலாம் என்ற நிறைவு பலருக்கு மற்றெல்லாவற்றையும் விடப் பெரிது.

செலவுக் கணக்கு

குறைகளுள் தலையாயது பொருளாதாரம் சார்ந்தது. வாங்குவோர் பெரும்பாலும் வீட்டின் விலையையே ஆராய்கின்றனர். ஆனால் வீட்டின் விலை ஒரு முறை செலுத்துவது. மாதக் கட்டணமோ இறுதி வரை செலுத்துவது. மாதம் 25,000 ரூபாயாக உள்ள கட்டணம் ஆண்டுக்கு 7 விழுக்காடு உயருமாயின், பத்தாண்டுகளில் 49,000 ரூபாயையும் பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 69,000 ரூபாயையும் எட்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சம் ரூபாயை 8.2 விழுக்காடு வட்டியில் இட்டு வைத்தவருக்குச் சராசரியாக மாதம் 20,500 ரூபாய் கிடைக்கும். அவ்வட்டி வைப்புக் காலம் முழுவதும் உயராது. கட்டணம் உயர, வருவாய் நிலையாக நிற்கும் இந்த இடைவெளியே முதன்மையான இடர்.

துணைவரில் ஒருவர் மறையும்போது இவ்விடர் கூர்மையடைகிறது. கடைசி ஊதியம் 80,000 ரூபாய் பெற்ற மத்திய அரசு ஊழியருக்கு, பழைய ஓய்வூதிய முறைப்படி அதில் பாதியான 40,000 ரூபாய் ஓய்வூதியம் எனக் கொள்வோம். அவர் மறைந்த பின் மனைவிக்குரிய குடும்ப ஓய்வூதியம், பொது விகிதமான 30 விழுக்காட்டின்படி 24,000 ரூபாயாகக் குறையும். அகவிலைப்படி இரண்டிற்கும் உண்டாதலால் அதை இங்கு சேர்க்கவில்லை. குடியிருப்பில் பராமரிப்புக் கட்டணம் 15,000 ரூபாய், உணவுக் கட்டணம் ஆளுக்கு 6,000 ரூபாய் எனில், இருவருக்கு ஆகும் செலவு 27,000 ரூபாய். ஒருவருக்கு 21,000 ரூபாய். உணவுச் செலவு பாதியாகிறது. வீட்டின் பரப்பைப் பொறுத்து விதிக்கப்படும் பராமரிப்புக் கட்டணம் குறைவதில்லை. முன்பு 13,000 ரூபாய் மிஞ்சிய குடும்பத்தில் இப்போது மிஞ்சுவது 3,000 ரூபாயே. மருந்துக்கும் துணையாளுக்கும் அதுவே போதவேண்டும். மனைவியரே பெரும்பாலும் நெடுநாள் வாழ்வதால், இச்சுமை அவர்கள் மீதே விழுகிறது.

பிற குறைகள்

பல குடியிருப்புகள் தம் காலில் நடமாடக்கூடியோருக்கே அமைந்தவை. 60 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கக்கூடும் என்பது 2023இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீடு. இந்நிலையை அடைந்தவரையோ படுக்கையில் விழுந்தவரையோ அதே இடத்தில் பேண வசதி உண்டா, அல்லது வேறிடம் செல்ல நேருமா என்பதை ஒப்பந்தத்தில் காண்பது இன்றியமையாதது. அடுத்து, குறைந்தபட்ச வயது வரம்பு உள்ள இடங்களில், வாரிசுக்கு வீடு உரிமையானாலும் அவர் அங்கு குடியேற இயலாமற் போகலாம். வாங்குவோர் வட்டம் சுருங்குவதால் விற்பனையும் தாமதப்படும். குழந்தைகளின் குரலே கேளாத சூழல் சிலருக்கு அமைதி; சிலருக்கு வெறுமை.

சட்டப் பாதுகாப்பு

2016ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம், கட்டடத்தின் கட்டமைப்புக் குறைகளுக்கு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டு வரை கட்டுநரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் இருபதாண்டுகளுக்கு உணவும் செவிலியர் உதவியும் கிடைக்கும் என்ற வாக்குறுதிக்கு அதில் அத்தகைய காப்பு இல்லை. இக்குறையை உணர்ந்தே மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கட்டுநர், சேவை நிறுவனம், வீட்டை வாங்குவோர் ஆகிய முத்தரப்பினருக்கும் இடையே ஒப்பந்தம் வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. எனினும் மாநில அரசுகள் ஏற்றுத் தம் விதிகளில் சேர்த்தால்தான் அவை செயல் வடிவம் பெறும்.

2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 70 வயது நிரம்பிய அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு இது உதவும். ஆனால் அன்றாடப் பேணுகைக்கு உதவாது. ஜப்பான் 2000ஆம் ஆண்டிலேயே நெடுங்காலப் பேணுகைக் காப்பீட்டைத் தொடங்கி, 40 வயது முதல் சந்தா பெற்று, செலவில் ஏறத்தாழ பாதியைப் பொது நிதியிலிருந்து ஏற்கிறது. இந்தியாவில் இச்செலவு பெரும்பாலும் தனிமனிதர் மீதே நிற்கிறது.

முடிவு

மூத்தோர் குடியிருப்பில் வாங்கப்படுவது சுவரும் கூரையும் மட்டுமல்ல. வாழ்நாள் முழுவதற்குமான ஒரு சேவை வாக்குறுதியுமாகும். ஆகவே கட்டண உயர்வுக்கு வரம்பு, சேவை நிறுவனம் விலகினால் மாற்று ஏற்பாடு, ஒருவர் மட்டும் எஞ்சும்போது கட்டணச் சலுகை, நோயுற்றோருக்குப் பேணுகை, பராமரிப்புக்கெனத் தனி நிதி ஆகிய ஐந்தும் எழுத்து வடிவில் உள்ள இடத்தில் நன்மைகள் மிகும். இல்லாத இடத்தில் குறைகளே மிகும். சொந்த வீட்டை விற்றுவிடாமல், சில மாதங்கள் வாடகைக்கு வாழ்ந்து பார்த்தபின் முடிவு செய்வது அறிவுடைமை.

இவ்வசதி முதியோரில் ஒரு சிறு பகுதியினர்க்கே எட்டும் என்பதும் மறக்கற்பாலதன்று. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் (2007), மாவட்டத்துக்கு ஒன்றாக, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசுகள் படிப்படியாக நிறுவ வழிசெய்கிறது. வசதியுள்ளோர்க்கு ஒழுங்குமுறை, வசதியற்றோர்க்கு உறைவிடம், வீட்டிலேயே வாழும் பெரும்பான்மையோர்க்கு இல்லம் தேடி வரும் பேணுகை: இம்மூன்றும் ஒருங்கே வளர்ந்தால்தான் மூத்தோர் நலக் கொள்கை முழுமை பெறும்.