"ஒண்ணும் இல்ல டீச்சர்"

நீலகிரியில் பள்ளி என்றாலே படிக்கட்டுதான். சரிவை வெட்டிக் கட்டிய வளாகங்களில் வகுப்பறையிலிருந்து கழிப்பறைக்குப் போவதற்கே பல படிகள் இறங்க வேண்டும். கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரிலும் அவற்றில் பாசி பிடித்துவிடும். வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட பிள்ளை, சீருடையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்று சொல்லும். அந்தப் பதிலை அப்படியே நம்பிவிடக் கூடாது.

நெற்றிப்பொட்டில் மண்டை எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பில் விரிசல் விழுந்தால் தமனியும் கிழியலாம். அப்போது எலும்புக்கும் மூளை உறைக்கும் இடையே இரத்தம் சேரும். சேர்ந்த இரத்தம் மூளையை அழுத்தும்வரை பிள்ளை பேசும், எழுதும், சிரிக்கும். இந்தத் தெளிவு சில நிமிடங்களும் நீடிக்கலாம், பல மணி நேரமும் நீடிக்கலாம். 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியின்போது விழுந்த நடிகை நடாஷா ரிச்சர்ட்சன், நன்றாக இருப்பதாகச் சொல்லி ஆம்புலன்சைத் திருப்பி அனுப்பினார். பிறகு தலைவலி வந்தது. இரண்டாம் நாள் இறந்தார். இப்படி நேர்வது அரிது. ஆனால் வெளியே தெரியும் வீக்கத்தைக் கொண்டு உள்ளே நடப்பதை அளக்க முடியாது.

காபித்தூள் வைப்பது, வீக்கத்தை அழுத்தித் தேய்ப்பது இரண்டும் வேண்டாம். சுத்தமான துணியில் குளிர்ந்த ஒத்தடம் போதும். மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், குழறும் பேச்சு, வலிப்பு, சமமில்லாத கண்மணிகள், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், ஒரு நிமிடம் நினைவு தப்பியிருந்தாலும் உடனே 108. கழுத்து வலிக்கிறது என்றால் பிள்ளையைத் தூக்கக் கூடாது. குன்னூரிலிருந்து கோவைக்கு அனுப்ப நேர்ந்தால் மலைப்பாதையோடு சேர்த்துச் சுமார் 70 கி.மீ. பயணம். அதனால் நம் பக்கம் தாமதம் கூடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, பைக்கில் வரும் 4 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் தலைக்கவசம் கட்டாயம். நம் பள்ளி வாசலில் அப்பாவின் தலையில்கூட அது இருப்பதில்லை.

எஸ்டேட் பிள்ளைகளிடம் இன்னொரு சிக்கல். பள்ளி விட்டு லைன் வீட்டுக்குப் போகும்போது, கொழுந்து எடை போட்டுவிட்டு அம்மா இன்னும் திரும்பியிருக்க மாட்டார். தலையில் அடிபட்ட பிள்ளையைத் தனியே அனுப்பாமல், பெரியவர் ஒருவர் வரும்வரை பள்ளியிலேயே வைத்திருக்கிறோம். எத்தனை மணிக்கு, எத்தனையாவது படியிலிருந்து விழுந்தது, தலையில் எந்த இடத்தில் அடி, அதன்பின் என்ன சாப்பிட்டது, வாந்தி எடுத்ததா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறோம். இரவில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தால் மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.