நீரிழிவும் குடும்பத்தின் பொறுப்பும்

நீரிழிவு நோயாளி ஒருவர் மருத்துவரைச் சந்திப்பது சில மாதங்களுக்கு ஒரு முறைதான். அந்தச் சந்திப்பும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மற்ற நாள்களில் அவர் என்ன உண்கிறார், எவ்வளவு நடக்கிறார், மருந்தை வேளை தவறாமல் உட்கொள்கிறாரா என்பவையே அவரது உடல்நிலையைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, இந்நோயைக் கட்டுப்படுத்துவதில் மருத்துவருக்கு இருக்கும் பங்கு குடும்பத்தாருக்கும் உண்டு.

சோறு, ரொட்டி, பழம் போன்ற உணவுகள் செரித்ததும் குளுக்கோஸ் எனும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. கணையம் சுரக்கும் இன்சுலின், அச்சர்க்கரை உயிரணுக்களுக்குள் செல்ல உதவுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்க இயலாமல் போவது முதல் வகை நீரிழிவு. சுரக்கும் இன்சுலினை உடல் சரிவரப் பயன்படுத்தாததும் நாளடைவில் அது போதாமல் போவதும் இரண்டாம் வகை. பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகையே. இரத்தத்தில் தேங்கும் சர்க்கரை, கண், சிறுநீரகம், இதயம், நரம்பு ஆகியவற்றைச் சிறுகச் சிறுகப் பாதிக்கிறது.

சுகாதார அமைச்சு 2023ஆம் ஆண்டில் நாடு தழுவிய நிலையில் மேற்கொண்ட ஆய்வின்படி, மலேசியாவில் வாழும் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. அவர்களுள் ஐவரில் இருவர் தங்களுக்கு இந்நோய் இருப்பதையே அறியவில்லை. தொடக்கத்தில் வலியோ காயமோ தோன்றாததே இதற்குக் காரணம். இந்தியர்களிடையே இந்நோய் அதிகமாகக் காணப்படுவதால், நம் குடும்பங்களில் கூடுதல் விழிப்புணர்வு தேவை.

“நான் இனிப்பே சாப்பிடுவதில்லை” என்று கூறும் பலர், இரவில் தட்டு நிறையச் சோறு உண்பார்கள். தேநீரில் சீனி போடாதவர்கூட அதில் கெட்டிப்பாலைக் கலந்துகொள்வார். அந்தப் பாலிலும் சர்க்கரை நிறைந்துள்ளது என்பது அவர் நினைவுக்கு வருவதில்லை. சோற்றை அறவே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அளவு அறிந்து உண்டால் போதும். சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் ‘கால், கால், அரை’ முறை இதற்கு எளிய வழி. தட்டின் கால் பகுதியில் சோறு அல்லது மீ, மற்றொரு கால் பகுதியில் மீன், கோழி அல்லது பருப்பு, எஞ்சிய அரைப் பகுதியில் காய்கறியும் பழமும் இருக்க வேண்டும்.

குளிர்பானங்களிலும் கவனம் தேவை. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை உள்ள ஒரு பானத்தை எடுத்துக்கொள்வோம். 320 மில்லிலிட்டர் அளவுள்ள ஒரு டின்னில் 32 கிராம் சர்க்கரை இருக்கும். இஃது ஆறு தேக்கரண்டிக்கும் அதிகம்! இத்தகைய பானங்களைக் குறைக்கும் நோக்கில், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு அரசாங்கம் 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டு வரி விதித்து வருகிறது.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் உணவைக் குறைத்துக்கொள்வோரும் உளர். அதனால் பயனில்லை. இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றன. அவற்றில் ஒட்டியுள்ள சர்க்கரையை அளக்கும் பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நிலையைக் காட்டிவிடும். பாகற்காய்ச் சாறு குடிப்பதால் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவதும் ஆபத்தானது. மருந்தின் அளவை மாற்ற வேண்டியவர் மருத்துவரே.

சர்க்கரை கூடுவதைப் போலவே அளவுக்கு மீறிக் குறைவதும் ஆபத்து. மருந்தை உட்கொண்டுவிட்டு உண்ண மறந்தவருக்குத் திடீரென்று கை நடுங்கலாம், உடல் வியர்க்கலாம், பேச்சுக் குழறலாம். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கினால் தாமதிக்கக் கூடாது. மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கலக்கி உடனே அருந்தக் கொடுக்க வேண்டும். 15 நிமிடங்களுக்குப்பின் மீண்டும் சோதிக்க வேண்டும். அவர் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 999 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். வீட்டில் பாட்டியும் பேரப்பிள்ளையும் மட்டும் இருக்கும் வேளையில் இதனை அறிந்திருப்பது ஓர் உயிரையே காக்கும்.

வகுப்பிலும் முதல் வகை நீரிழிவு உள்ள மாணவர் இருக்கக்கூடும். அவர் இனிப்பு அதிகம் உண்டதால் அந்நோய் வரவில்லை. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் நண்பரைக் கேலி செய்யாமல் துணை நிற்பதே நட்புக்கு அழகு.

நோயாளிக்கு மட்டும் தனிச் சமையல் செய்துவிட்டு, மற்றவர்கள் அவர் எதிரிலேயே பலகாரம் உண்பது முறையன்று. குடும்பத்தார் அனைவரும் ஒரே அளவான உணவை உண்ணலாம். மாலையில் தாத்தாவுடன் அரை மணி நேரம் நடக்கலாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் ஏற்பட்டாலும் வலி தெரியாது. ஆகவே, இரவில் அவர் பாதங்களைப் பார்த்துக் கூறலாம். “அதைத் தொடாதே, இதைத் தின்னாதே” என்று நாள்தோறும் கண்டிப்பதைவிட, உடன் உண்டு உடன் நடப்பதே நோயாளிக்கு உறுதுணையாகும்.