கல்லூரியிடமும் கணக்கு கேட்போம்



பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் குழுக்களில் படிப்புச் செலவுக்குக் கடன் கேட்டு மனுக்கள் வரும். 2018-ல் பிளஸ் டூ தேர்ச்சியில் 97 சதவீதம் பெற்று மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது நம் விருதுநகர் மாவட்டம். அப்படிப் படிக்கிற பிள்ளைகள் சில கல்லூரிகளில் சேர்ந்ததும் அரியர் வைத்து நிற்பது ஏன்? தப்பு பிள்ளைகளிடம் மட்டுமா?

சிவகாசியிலிருந்து போன பெட்டியில் பாதி வெடி நமத்துப்போனா, வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். பாதிப் பிள்ளைகள் தோற்கிற கல்லூரியை யார் கேட்பது? பணம் கட்டுகிற நாம்தான் கேட்க வேண்டும்.

என்ன கேட்கலாம்?

1. எத்தனை பேர் பாஸ்? அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்பில் உள்ள பொறியியல் கல்லூரிகளில் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்பதை இணையதளத்தில் வெளியிடுகிறது. கவுன்சிலிங்குக்கு முன் பிள்ளையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 60 பேர் சேர்ந்து, 20 பேர் படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று வைப்போம். மீதி 40 பேர் எழுதி 30 பேர் பாஸானால் 75 சதவீதம். ஆனால் சேர்ந்தவர்களில் தேறியது பாதிப் பேர்தான்! அதனால் ‘சேர்ந்தவர் எத்தனை?’ என்றும் கேளுங்க.

2. வாத்தியார் இருக்கிறாரா? 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு புகாரை வெளியிட்டது. 2023-24-ல் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள், இதில் 224 கல்லூரிகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்பது புகார். அண்ணா பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. கல்லூரி தருகிற பட்டியலில் பேர் இருந்தால் போதாது. அங்கே படிக்கிற பிள்ளைகளிடம், ‘வகுப்பு தினமும் நடக்குதா?’ன்னு கேளுங்க.

3. வேலை கிடைத்ததா? ‘100 சதவீதம் வேலை’ என்று பேனர் வைப்பார்கள். எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, எந்தக் கம்பெனியில், என்ன சம்பளம்? போன வருஷம் படித்து முடித்த இரண்டு பேரிடமாவது விசாரியுங்க.

4. அசல் சான்றிதழ்? யு.ஜி.சி. 2018-ல் வெளியிட்ட அறிவிப்புப்படி, சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும். கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது.

சேர்ந்த பிறகு குறை வந்தால்?

2023-ம் வருட யு.ஜி.சி. விதிப்படி கல்லூரிதோறும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். பிள்ளையை எழுத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்க, நகல் வைத்துக்கொள்ளுங்க. அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

* நம் ஊரில் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்? முடித்தவர்கள் எத்தனை பேர்?
* படிப்புக் கடன் கொடுக்கும் முன் இந்த நான்கு கேள்விகளையும் கேட்பது என்று நம் குழு தீர்மானம் போடலாமா?

குழுவில் 50 ரூபாய் செலவுக்கும் ரசீது கேட்கிற நாம், பிள்ளையின் நாலு வருஷத்துக்குக் கணக்கு கேட்கத் தயங்கலாமா?