ஆரிகனோவும் நம் ஓமமும்

ஹைதராபாத்தை அடுத்த போலாரத்தில் குடியரசுத் தலைவரின் தென்னக இல்லமான ராஷ்டிரபதி நிலையம் அமைந்துள்ளது. அதன் மூலிகைத் தோட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவ, நறுமணச் செடிகளைக் கொண்டது. அதைக் காணும் மாணவர் மனத்தில் ஒரு வினா எழுதல் வேண்டும்: தோட்டத்துச் செடி நாட்டின் செல்வமாவது எவ்வாறு? ஆரிகனோ இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

துளசி, புதினாக் குடும்பத்தைச் சேர்ந்த ஆரிகனோ, மத்தியதரைக் கடல் நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. நம் இமயச் சரிவுகளிலும் தானே வளர்கிறது. அதன் காரமணத்திற்குக் கார்வக்ரால், தைமால் என்னும் வேதிப்பொருள்களே காரணம். கற்பூரவள்ளி இலையிலும் இவை காணப்படுகின்றன. ஓம எண்ணெயில் தைமால் மிகுதி. வணிகத்தில் ஆரிகனோ என்பது ஒரே செடியைக் குறிப்பதன்று. மெக்சிகோவின் ஆரிகனோ வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் கற்பூரவள்ளியே ஆரிகனோவாகச் சமையலில் இடம்பெறுகிறது.

உலர்ந்த பின்னும் மணம் குன்றாமையால் ஆரிகனோ தக்காளிக் குழம்பிற்கும் இறைச்சிக்கும் ஏற்றது. நம் வீடுகளிலோ கற்பூரவள்ளி பஜ்ஜியாகவும், இருமலுக்குச் சாறாகவும் பயன்படுகிறது. இவ்வெண்ணெய்கள் நுண்ணுயிர்களை அழிப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆயினும் அதுவே நோய் தீர்க்கும் என்பதற்குச் சான்றாகாது. செறிந்த எண்ணெய் தோலையும் வாயையும் புண்படுத்தும். கருவுற்றோர் அதைத் தவிர்த்தல் நலம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பீட்சா பரவியதால் ஆரிகனோவின் தேவை பெருகியது. இன்று ஏற்றுமதியில் துருக்கி முன்னிற்கிறது. வளர்ச்சிக்காகக் கால்நடைத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முற்றிலும் தடை செய்தபின், தீவனத்தில் இவ்வெண்ணெய்க்கு இடம் விரிந்தது.

நமது பழைய அனுபவம் ஒன்றை இங்கு நினைவுகூரலாம். 1914க்கு முன் இந்திய ஓம விதை பெருமளவில் ஜெர்மனிக்குச் சென்றது. அங்குத் தைமால் பிரிக்கப்பட்டு, உயர்ந்த விலையில் உலகச் சந்தையை அடைந்தது. போர் மூண்டு அவ்வழி அடைபட்ட பின்னரே இந்தியாவில் அதைத் தயாரிக்கும் முயற்சி வலுப்பெற்றது. விதை நம்முடையது, அதனால் விளைந்த ஊதியத்தின் பெரும்பகுதி பிறருடையது.

எனவே, செடியின் இனத்தைச் சரியாக அறிதல், நிழலில் உலர்த்தித் தரம் பிரித்தல், விளையும் இடத்தருகே எண்ணெய் வடித்தல் ஆகிய மூன்றையும் கூட்டுறவு முறையில் மேற்கொள்ளல் வேண்டும். காட்டுச் செடியை வேரோடு பறிக்காமல் பயிரிட்டுப் பெருக்குவதும் இன்றியமையாதது. இவை நிறைவேறினால்தான் இலை பறிக்கும் மலைவாழ் குடும்பத்திற்கும், ஓமம் விதைக்கும் சிறு உழவருக்கும் உரிய பங்கு கிடைக்கும்.