மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் செய்ய வேண்டிய முதலுதவி

சம்பள நாள் மாலை. குடியை நிறுத்த மாத்திரை எடுத்துவரும் ஒருவர், கூட்டாளிகளின் வற்புறுத்தலால் கொஞ்சம் சாராயம் குடித்துவிட்டு லயத்துக்கு வருகிறார். முகம் சிவந்திருக்கிறது. தலை வெடிக்கிற மாதிரி இருக்குது என்கிறார். வாந்தி எடுக்கிறார். "வெறிதானே, படுத்துத் தூங்கினா சரியாயிடும்" என்று நாம் விட்டுவிடக் கூடாது. இது வெறி அல்ல.

அவர் எடுப்பது டைசல்பிராம் என்ற மருந்து. குடிக்கும் மது உடம்பில் முதலில் ஒரு நஞ்சாக மாறும். பிறகு அந்த நஞ்சை ஈரல் முறித்துவிடும். இந்த மாத்திரை அதை முறிக்க விடாது. நஞ்சு இரத்தத்தில் கூடிப்போகும். பெரும்பாலும் குடித்து 10 முதல் 30 நிமிடத்துக்குள் தலையிடி, வியர்வை, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு தொடங்கும். கடுமையானால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், வலிப்பு வரும். உயிரே போகலாம்.

நாம் என்ன செய்வோம்?

1. உடனே 1990 இலக்கத்துக்கு அழைப்போம். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரத் தாமதமானால் கிடைக்கிற வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்.

2. அவரை நடக்கவிடாமல் படுக்க வைப்போம். வாந்தியோ மயக்கமோ இருந்தால் ஒரு பக்கமாகத் திருப்பிவிடுவோம். ரோட்டுக்குக் கம்பளியில் வைத்துத் தூக்கிப்போகலாம்.

3. தேசிக்காய்த் தண்ணி, மோர் எதுவும் கொடுக்க வேண்டாம். வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம்.

4. மாத்திரை உறையைக் கையோடு கொண்டுபோவோம். எப்போது மாத்திரை எடுத்தார், எவ்வளவு குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்வோம். அங்கே ஒட்சிசனும் சேலைனும் கொடுத்து, இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் கவனிப்பார்கள்.

மாத்திரையை நிறுத்தினாலும் 2 வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. அரிஷ்டத்திலும் சில இருமல் பாணிகளிலும் மது கலந்திருக்கும். டாக்டரைக் கேட்காமல் அவற்றைக் குடிக்கக் கூடாது.

இன்னொன்று. புருஷன் குடியை விடட்டும் என்று தேத்தண்ணியில் இந்த மாத்திரையைத் தெரியாமல் கலந்து கொடுப்பதும் நடக்கிறது. அந்தத் தாய்மாரின் வேதனை நமக்கு விளங்குது. ஆனாலும், தெரியாமல் குடிக்கிறவர் உயிருக்கே ஆபத்து வந்துவிடும். அவர் சம்மதித்து, டாக்டர் சோதித்துப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

குடித்துவிட்டாரே என்று அந்த நேரத்தில் ஏச வேண்டாம். முதலில் உயிரைக் காப்பாற்றுவோம். மற்றதைப் பிறகு பேசலாம்.