பூவா? கல்லா? உயிரா?

மலையடிவாரத்தில் வாழும் திருவண்ணாமலைக்காரர்களாகிய நமக்குக் கடல் தூரத்துச் சொந்தம். ஆயினும் நம் ஊர் நகைக்கடைகளில் அக்கடலின் அடையாளம் ஒன்று உண்டு. நவமணிகளுள் ஒன்றான பவளம் மண்ணில் விளைந்த கல் அன்று; சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய எலும்புக்கூடு. சங்கத் தமிழர் இதனைத் 'துகிர்' என்றனர்.

பவள உயிர்கள், கடல் தாமரை, மீனவர் 'சொறி' என்று அழைக்கும் ஜெல்லி மீன் ஆகிய யாவும் ஒரே குடும்பம். விலங்கியல் பாடத்தில் இவற்றைக் குழியுடலிகள் என்று படிக்கிறோம். உலகில் 10,000 வகைகளுக்கு மேல் உள்ளன. இவற்றுக்கு மூளை இல்லை, இதயம் இல்லை, எலும்பும் இல்லை. உண்பதற்கும் கழிவை வெளியேற்றுவதற்கும் ஒரே வாய்தான். ஆனால் இரையைக் கொட்டி மயக்கும் நுண்ணிய செல்கள் உண்டு. நன்னீர்க் குளத்துப் பாசியில் ஒட்டி வாழும் ஹைட்ராவும் இவ்வினமே. ஆகவே கடலைக் காணாதவரும் இக்குடும்பத்தைக் காண இயலும்!

வடிவத்தில்தான் எத்தனை வேறுபாடு! கடல் தாமரை பாறையில் பூப்போல் அமர்ந்திருக்கும். சொறி குடைபோல் விரிந்து சுருங்கி மிதக்கும். அதன் உடலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீரே. நீலக் காற்றுப்பை போல் மிதக்கும் 'போர்த்துக்கீசியப் போர்க்கப்பல்' ஓர் உயிர் அன்று. பல உயிர்கள் வேலையைப் பங்கிட்டு வாழும் கூட்டுக் குடும்பம்.

சீப்பு ஜெல்லிகள் பார்வைக்குச் சொறியைப் போன்றவை. ஆனால் தனி இனம். ஏறக்குறைய 200 வகைகளே அறியப்பட்டுள்ளன. உடலில் எட்டு வரிசைச் சீப்புகள் உண்டு. அவை அசையும்போது ஒளி பட்டு வானவில் நிறங்கள் ஓடும். இவை கொட்டுவதில்லை, பசைபோன்ற செல்களால் இரையை ஒட்டிப் பிடிக்கின்றன. விலங்குலகில் முதலில் கிளைத்தது இவ்வினமா, கடற்பஞ்சா என்ற அறிஞர் வாதம் இன்னும் முடியவில்லை.

நம் தமிழகத்தில் பவளத்தின் பெருவீடு மன்னார் வளைகுடா. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சூழ்ந்து 117 வகைப் பவளங்கள் கண்டறியப்பட்டுள்ளன. மீன்கள் குஞ்சு பொரித்து வளரும் தொட்டிலும், கரையை அலையிலிருந்து காக்கும் மதிலும் இப்பாறைகளே.

இந்த மதிலை நாமே பெயர்த்தோம். சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பல்லாண்டுகள் பவளப்பாறைகள் படகு படகாக வெட்டியெடுக்கப்பட்டன. அரண் இழந்த பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் கடலில் மூழ்கின. வெட்டியவர்களை மட்டும் குறை கூறுவது முறையன்று. அவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு வெட்டினர். வாங்கிச் சுவர் எழுப்பியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 1986இல் இப்பகுதி கடல் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன்பின் வெட்டுவது நின்றது.

இன்று வேறோர் ஆபத்து. பவளத்தின் உடலில் குடியிருக்கும் நுண்பாசிகளே அதற்கு உணவும் நிறமும் தருகின்றன. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசிகள் வெளியேறும், பவளம் வெளுக்கும், வெப்பம் நீடித்தால் பட்டினியால் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது பெருமளவில் நேர்ந்தது. சுண்ணாம்புக்கு வெட்டுவதைச் சட்டம் தடுத்தது. நிலக்கரிப் புகையாலும் எண்ணெய்ப் புகையாலும் ஏறும் வெப்பத்தை ஒரு பூங்காவின் எல்லைக்கோடு தடுக்காது. அந்தப் புகையில் நம் ஊர்ப் பங்கும் சேர்ந்திருக்கிறது.

சுற்றுலாவாகக் கடற்கரை செல்லும் சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தைகள். கரையில் ஒதுங்கிய சொறி இறந்திருந்தாலும் தொடாதீர்கள். அதன் கொட்டும் செல்கள் அப்போதும் வேலை செய்யும். பட்டுவிட்டால் தேய்க்காமல், கடல்நீரால் கழுவி, மருத்துவரிடம் செல்லுங்கள். அழகுப் பொருளாகப் பவளப்பாறைத் துண்டை யாரேனும் நீட்டினால் வாங்காதீர்கள். வாங்குவோர் இல்லையேல் வெட்டுவோரும் இல்லை.

கால் விரல் நகத்தினும் சிறிய உயிர்கள், தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து தீவுகளைத் தாங்குகின்றன. சிறியோர் கூடினால் எதைத் தாங்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?