லினக்ஸ் போட்ட பின் உள்ளே விடாத கம்ப்யூட்டர்: முதலில் டிஸ்க்கைப் பாருங்கள்



2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நம் கடைகளில் உள்ள பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. ஆகவே நம்மில் சிலர் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறியிருக்கிறோம். இது நம்மவர்க்குப் புதிதும் அல்ல. சென்னை சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ லினக்ஸை 2007-லேயே வெளியிட்டது. (டேலியை நம்பியிருப்போர் மட்டும் அவசரப்பட வேண்டாம், அது விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது.)

மாறியவர்கள் சொல்லும் குறைகள் இரண்டு. ஒன்று, பாஸ்வேர்டு கொடுத்தும் உள்ளே விடவில்லை. மற்றொன்று, டிஸ்க் ஆமையாக ஊர்கிறது. என் மண்டியில் இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன. மிளகு வரத்து உள்ள மாசி மாதம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி மெக்கானிக் வர வேண்டுமென்றால் அன்றைய வியாபாரம் போயிற்று. நாமே பார்க்கக் கற்பதைத் தவிர வழியில்லை.

முதலில் கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். ‘பாஸ்வேர்டு தவறு’ என்றால் கேப்ஸ் லாக்கைப் பாருங்கள். தமிழ் விசைப்பலகை சேர்த்திருந்தால் லாகின் திரையின் ஓரத்தில் மொழி மாறியிருக்கும். சந்தேகமிருந்தால் அதே எழுத்துகளைப் பெயர் எழுதும் கட்டத்தில் அடித்துப் பார்த்து உடனே அழித்துவிடுங்கள். அங்கே எழுத்து கண்ணுக்குத் தெரியும்.

பிழை எதுவும் சொல்லாமல், திரை ஒரு கணம் கறுத்து மறுபடி லாகினுக்கே திரும்பினால் பாஸ்வேர்டு சரிதான். கோளாறு உள்ளே இருக்கிறது. பெரும்பாலும் டிஸ்க் நிரம்பியிருக்கும். நாம் நுழையும்போது லினக்ஸ் சில சிறு கோப்புகளை எழுத வேண்டும். குடோனில் கால் வைக்க இடமில்லையென்றால் வந்த லாரி வாசலோடு திரும்புவதுபோல நம்மைத் திருப்பி அனுப்பிவிடும்.

அப்போது கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும். பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். பாஸ்வேர்டு அடிக்கையில் திரையில் ஒன்றும் தெரியாது, பயப்பட வேண்டாம். உள்ளே போனதும் ‘டிஎஃப்’, ஓர் இடைவெளி, ‘-எச்’ என்று சின்ன ஆங்கில எழுத்தில் அடித்து எண்டர் தட்டுங்கள். கடைசியில் ஒற்றைச் சாய்கோடு மட்டும் உள்ள வரியைப் பாருங்கள். என் மண்டியில் அது 100 சதவீதம் என்றது.

தவறு என்னுடையது. லினக்ஸுக்கு 30 ஜி.பி. மட்டும் ஒதுக்கிவிட்டு, ‘டைம்ஷிஃப்ட்’ என்ற புரோகிராமை தினமும் பிரதி எடுக்கச் சொல்லியிருந்தேன். கணக்குக்குப் பாதுகாப்பு என்று நிம்மதியாக இருந்தேன். அதுவும் பிழை. டைம்ஷிஃப்ட், நாம் மாற்றாதவரை, சிஸ்டத்தைத்தான் பிரதி எடுக்கும். நம் கணக்குக் கோப்புகளைத் தொடாது. ‘சுடோ டைம்ஷிஃப்ட்’ என்று அடித்து, இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபனுடன் ‘டெலிட்’ சேர்த்தால் பழைய பிரதிகளின் பட்டியல் வரும். வேண்டாதவற்றை நீக்கினேன், கதவு திறந்தது. தெரியாத ஃபோல்டரில் கைவைத்து அழிக்காதீர்கள்.

உள்ளே போயும் கணக்கு திறக்க நாலு நிமிடம் ஆயிற்று. எல்லாரையும்போல நானும் லினக்ஸைத்தான் திட்டினேன். மறுபடி நிறுவலாம் என்றான் பேரன். நல்லவேளை, ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியை முதலில் திறந்தோம். அதன் மெனுவில் ‘ஸ்மார்ட் டேட்டா’ என்று இருக்கும். அதில் 5-ஆம் எண் வரியும் 197-ஆம் எண் வரியும் முக்கியம். முதலாவது, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். இரண்டாவது, படிக்க முடியாமல் தவிக்கும் பகுதிகள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். எனக்கு 197-இல் நூற்றுக்குமேல் இருந்தது. கெட்ட இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது, அதுதான் தாமதம். பல ஆண்டு தொடாத பகுதிகளிலும் புதிதாக நிறுவும்போது எழுதுவதால், ஒளிந்திருந்த பலவீனம் வெளியே வந்தது. லினக்ஸ் கெடுக்கவில்லை, காட்டிக்கொடுத்தது.

199-ஆம் வரி மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் அல்ல, கேபிளைச் சந்தேகியுங்கள். சொற்பக் காசில் மாற்றலாம். கம்ப்யூட்டர் கிளம்பும்போது மட்டும் ஒன்றரை நிமிடம் நின்றால், இல்லாத பகுதி ஒன்றுக்காகக் காத்திருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். டிஸ்க் நன்றாகவே இருக்கலாம்.

டிஸ்க் கெடுகிறது என்று தெரிந்தால் மறுபடி நிறுவுவதும், பழுது பார்க்கும் கட்டளைகளை ஓட்டுவதும் மீதி உயிரையும் வாங்கிவிடும். முதலில் கணக்கை பென் டிரைவுக்கு எடுங்கள். விவசாயிகளுக்குக் கொடுத்த முன்பணமும் எடுத்த மிளகின் பாக்கியும் அதில்தான் இருந்தன. இரண்டு கோப்புகள் வரவே இல்லை. வீட்டம்மாள் விடாமல் எழுதிவந்த பேரேடு இருந்ததால் ஒவ்வொருவர் பாக்கியையும் நாலு இரவு உட்கார்ந்து மீட்டோம். இல்லாவிட்டால் சீட்டைக் காட்டி நிற்பவரிடம் என்ன சொல்லியிருப்பேன்?

இப்போது எஸ்.எஸ்.டி. போட்டிருக்கிறேன், பழைய கம்ப்யூட்டர்தான். மழைக்கால மின்வெட்டுக்கு யு.பி.எஸ். சேர்த்தேன். கணக்கின் பிரதி வாரம் ஒருமுறை வெளியே போகிறது.

சந்தேகம் உள்ள உறுப்பினர்கள் சோளக்காட்டுச் சந்தை நாளில் மண்டிக்கு வரலாம். கம்ப்யூட்டரைத் தூக்கி வர வேண்டாம். ‘டிஎஃப்’ காட்டிய அந்த வரியையும், 5, 197, 199 வரிகளின் எண்களையும் எழுதி வந்தால் போதும்.